பாசிக்கு அடியில்

சிஸ்டெரே
14 மே 1992

அன்புள்ள ஜெவாத் அண்ணனுக்கு,

உன் கைகளை முத்தமிட்டு நாதிரே எழுதுவது. நானும் நெஸ்ரினும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மைதா மூட்டைகளை நீயே தூக்குகிறாய் என்று மினிபஸ் டிரைவர் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் வீரம் காட்டினால் அங்காராவில் யாரும் மெடல் தருவதில்லை. கேக் கடையில் நாலு ஆள் வைத்திருப்பது எதற்கு?

இங்கே தேயிலை முதல் பறிப்பு முடிந்தது. கை கறை இன்னும் போகவில்லை. காட்டில் நடக்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நேற்று பத்துப் பேரை மேல்காட்டுக்குக் கூட்டிப் போனேன். கீழே தேயிலை, மேலே மேய்ச்சல், நடுவில் கைக்குட்டை அளவு மிச்சமிருக்கிற பழைய காடு. அதைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. மழை விட்டு இரண்டு நாளானாலும் அங்கே சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நம் சித்தப்பா மகன் செய்ஃபி பைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறான். ஓர் அம்மாள் அவனிடம், "இங்க வெயிலே வராதா தம்பி?" என்று கேட்டார். "ஏன் வராது? போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துச்சே," என்றான். அந்த அம்மாள் நம்பிவிட்டார்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. காட்டின் கீழ் விளிம்பில், சரியாக நம் வீட்டுக்கு மேலே, சில மரங்கள் இந்த வசந்தத்திலும் துளிர்க்கவில்லை. போன வருடம் நாலைந்துதான் என்று விட்டுவிட்டேன். இப்போது அதிகம். எல்லாம் பெரிய கஷ்கொட்டைகள், பீச் மரங்கள். மேல்காட்டில் கோடாரி படக்கூடாது என்ற தாத்தா காலத்து ஊர்க்கட்டுப்பாடு எதற்கு என்று உனக்கே தெரியும். அந்த வேர்கள்தான் சரிவைப் பிடித்து வைத்திருக்கின்றன, சரிவுக்கு அடியில் முதல் வீடு நம்முடையது. இரண்டு வருடம் முன் நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது சுள்ளி பொறுக்க நீ தினமும் அங்கே போனாயே, மரங்களில் ஏதாவது நோய் கண்டாயா?

அண்ணிக்கு என் சலாம்.

உன் தங்கை
நாதிரே


அங்காரா
2 ஜூன் 1992

என் அருமைத் தங்கை நாதிரேவுக்கு,

உன் கண்களையும் நெஸ்ரின் கண்களையும் முத்தமிடுகிறேன். இறைவன் அருளால் சுகம். உன் அண்ணிக்குத்தான் ரத்த அழுத்தம். உப்பைக் குறை என்றால் என்னைக் குறைத்துவிடுவாள் போலிருக்கிறது.

இங்கே கல்யாண சீசன். ஒரு வக்கீல் வீட்டுக்கு ஐந்தடுக்கு கேக். லிஃப்டில் நுழையவில்லை. ஆறு மாடி, படி வழியாக, நாலு பேர், நடுவில் நான். ஐந்தாவது மாடியில் மாப்பிள்ளை பொம்மை தலைகீழாக விழுந்தது. சகுனம் சரியில்லை என்று பெண்ணின் அத்தை ஒரு மூச்சு அழுதாள். முழங்கால் அன்றோடு போயிற்று.

காடு அளக்கிற குழு நம் ஊருக்கு எப்போது வருகிறது என்று ஊர்த்தலைவரிடம் கேட்டு எழுது. டீக்கடை போனில் சொல்லாதே, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வெளியூர்க்காரர்களை ஏன் கீழ் விளிம்பு வழியாகக் கூட்டிப் போகிறாய்? ஓடைப்பாதையில் போ, அருவியாவது இருக்கிறது. அவர்களுக்கு எல்லா மரமும் ஒன்றுதான்.

உன் அண்ணன்
ஜெவாத்


சிஸ்டெரே
20 ஜூன் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

கை முத்தங்கள். நாங்கள் நலம். நெஸ்ரின் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மாமனைக் கொண்டிருக்கிறாள், அம்மாவையல்ல.

அளவுக் குழு ஆகஸ்டில் வருகிறதாம். நீ கேட்டதற்கு நான் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. மாப்பிள்ளை பொம்மை விழுந்த அவசரத்தில் மறந்திருப்பாய்.

இனிப் பதில் வேண்டாம், எனக்கே தெரிந்துவிட்டது. போன வாரம் மெப்ரூரே அம்மா என்று ஒருவர் வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் பாசிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அறுபது வயது. ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். ஒரு மரத்துக்கு அரை மணி நேரம். செய்ஃபிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இந்தப் பாசியை நாங்க மாட்டுக்கொட்டாய்ச் சந்துல அடைப்போம். நீங்க கண்ணாடி வச்சுப் பாக்குறீங்க."

"நீ அடைச்சதுல ஒண்ணு ரெண்டு வேற எங்கயும் கெடைக்காததா இருந்திருக்கும் தம்பி."

"அப்ப எங்க மாடு குடுத்து வச்சது."

நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் போனோம். கீழ் விளிம்புக்கு வந்ததும் மேலிருந்து மூடுபனி இறங்கியது. அங்கே இலை இல்லாததால் வெளிச்சம் நேராகத் தரையில் விழுகிறது. அந்தக் காட்டில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பெரணிகள் மஞ்சளாகிவிட்டன. காளான் நாற்றம். ஒரு பறவை சத்தமில்லை. மெப்ரூரே அம்மா ஒரு பெரிய கஷ்கொட்டையின் பாசியில் சின்னத் துண்டு எடுக்கக் கை வைத்தார். பாசி மொத்தமும் சால்வை நழுவுகிற மாதிரி கையோடு வந்துவிட்டது.

அடியில் மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை இல்லை. கொடுவாளால் இரண்டு விரல் ஆழத்துக்குச் செதுக்கியிருந்தது. செதுக்கிய இடம் கறுத்துப் போயிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் ஒரே உயரம், ஓர் ஆளின் இடுப்பளவு.

"இது நோயில்லம்மா," என்றார் மெப்ரூரே அம்மா. "யாரோ கழுத்தை அறுத்துட்டு, காயம் தெரியாம போத்தி விட்டுருக்காங்க."

செய்ஃபி பையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தான். "அக்கா, இது நம்ம ஊர்க்காரன் வேலைதான். பாசியைப் பழையபடி ஒட்டி வைக்க வெளியாளுக்குத் தெரியாது," என்றான்.

யாராக இருக்கும் அண்ணா?

நாதிரே


சிஸ்டெரே
22 ஜூலை 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அண்ணியையாவது எழுதச் சொல்.

எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு மரங்கள். எல்லாம் நம் வீட்டுக்கும் அப்பா உன் பங்காகத் தந்த சரிவுக்கும் நேர் மேலே. வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் பத்து நாளாகக் கலங்கி வருகிறது. மழை பெய்தால் கலங்கும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மழை இல்லை. மாட்டுக்கொட்டகைக் கதவு நிலையில் உட்கார மாட்டேன் என்கிறது. கதவைச் சீவிக் கொடுக்க வந்த செய்ஃபி, "கதவு சரியாத்தான் இருக்கு அக்கா, கொட்டாய்தான் நகர்ந்திருக்கு," என்றான். எப்போதும்போல் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

நாதிரே


அங்காரா
4 ஆகஸ்ட் 1992

அன்புத் தங்கைக்கு,

கண் முத்தங்கள். உடம்பு சுகம்தான். வேலை. ஒரு ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான், அடுப்பில் நானே நிற்கிறேன்.

மரங்கள் விஷயம். யார் செய்தார்கள் என்று நீ ஏன் தலையை உடைத்துக்கொள்கிறாய்? செய்ஃபி எந்நேரமும் கொடுவாளோடுதான் திரிகிறான், அவனைக் கேட்டுப் பார். பாசி ஒட்டுகிற வித்தையெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? எப்படியானாலும் செத்த மரம் செத்ததுதான். அளவுக் குழு வந்து போகும்வரை இதைப் பெரிதாக்காதே. அந்தப் பேராசிரியை அம்மாளிடமும் சொல்லி வை.

நான் வேறொன்று யோசித்தேன். இலையுதிர் மழை தொடங்குவதற்கு முன் நெஸ்ரினை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது. இங்கே நல்ல பள்ளிக்கூடம். மாட்டைச் செய்ஃபி பார்த்துக்கொள்வான். குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுப் போ. உன் அண்ணியும் ஆசைப்படுகிறாள். செப்டம்பர் பிறப்பதற்குள் வா.

உன் அண்ணன்


சிஸ்டெரே
25 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

கை முத்தங்கள். அண்ணியின் அன்புக்கு நன்றி. பத்து வருடமாக ஒரு வாரத்துக்கு மேல் என்னை அங்கே தங்கச் சொல்லாதவள் குளிர்காலம் முழுக்கக் கூப்பிடுகிறாள். எனக்கு ஏதோ பெரிய நோய் என்று கேள்விப்பட்டாளா?

மூன்றாம் பறிப்பு பாக்கி, மாடு சினை. என்னால் வர முடியாது. அப்பா இந்த வீட்டை எனக்குத் தந்தது பூட்டிவிட்டுப் போவதற்கல்ல.

அளவுக் குழு வந்து போயிற்று. மரம் உயிரோடு நிற்கிற இடம் அரசாங்கக் காடு, காடு போய்விட்ட இடம் ஒட்டிய நிலக்காரருக்கு. இதுதான் கணக்காம். அந்த இருபத்தேழு மர இடத்தை "காட்டுத்தன்மை இழந்தது" என்று எழுதிக்கொண்டார்கள். "பக்கத்து நிலம் யாருடையது?" என்று அதிகாரி கேட்டார். "அங்காரா ஜெவாத்தோடது," என்றார் தலைவர். உனக்குத் தாள் வரும்.

கூட நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, "செய்ஃபி எந்நேரமும் மேலதானே கெடக்கான்," என்றான். செய்ஃபி காதில் விழுந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும், "அக்கா, நான் அப்படிச் செய்வேனா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன்.

மெப்ரூரே அம்மா கடிதம் போட்டிருக்கிறார். மரம் செத்து இரண்டு மூன்று வருடத்தில் வேர் மட்கிவிடும், அதற்கப்புறம் வருகிற பெருமழையில் வீட்டில் இருக்காதே என்கிறார். உன் சரிவில் குறுக்காக ஒரு வெடிப்பு. ஜூலையில் என் விரல் நுழைந்தது. இப்போது நெஸ்ரின் செருப்பு உள்ளே விழுந்து எடுக்க முடியவில்லை.

உனக்கு ஏதாவது தெரிந்தால் ஒரு வரி எழுது அண்ணா. ஒரு வரி போதும்.

நாதிரே


அங்காரா
10 செப்டம்பர் 1992

அன்புத் தங்கைக்கு,

கண் முத்தங்கள். தாள் வந்தது. அங்கே ஒரு சின்ன வீடு போடலாம் என்று வெகுநாளாக எண்ணம். கீழே கல், மேலே கஷ்கொட்டைப் பலகை, ஓடையைப் பார்த்து ஒரு பால்கனி. வயதான பிறகு அங்கே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். பின்பக்கம் நல்ல தடுப்புச்சுவர் கட்டினால் உன் வீட்டுக்கும் அது காவல்.

இதையெல்லாம் எழுதுகிறேன், ஆனால் மனம் இங்கே இல்லை. நாதிரே, பிடிவாதம் வேண்டாம், அந்த வீட்டை விட்டுப் போ. அங்காரா வேண்டாமென்றால் ஹனிஃபே சித்தி வீட்டில் இரு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். செய்ஃபிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன் வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு வடிகால் வெட்டி, மழைத்தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் சொன்னால் தட்டமாட்டான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தில் சொல்கிற விஷயமில்லை. கல்யாண சீசன் முடிந்ததும், அக்டோபர் கடைசியில், நேரில் வந்து சொல்கிறேன்.

ஜெவாத்


சிஸ்டெரே
23 செப்டம்பர் 1992

அண்ணனுக்கு,

சலாம். மழை தொடங்கி ஐந்து நாள். நெஸ்ரினைச் சித்தி வீட்டில் விட்டிருக்கிறேன். நானும் அங்கேதான் படுக்கிறேன். பகலில் மாட்டுக்காக இங்கே வருகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே செய்ஃபி மண்வெட்டியோடு மேலே ஏறிவிட்டான். தினமும் காலையில் போய் இருட்டுகிறவரை வெட்டுகிறான். உன் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருக்கிறான். "ஊரே என்னைச் சந்தேகப்படுது, ஜெவாத் அண்ணன் மட்டும் என்னை நம்பி வேலை குடுத்திருக்கு," என்று எல்லோரிடமும் காட்டுகிறான். "போதும்டா, எறங்கி வா," என்றால், "இன்னும் முப்பது அடிதான் அக்கா. முடிச்சுட்டா உன் வீட்ல ஒழுகணும்னாக்கூட மழை என்கிட்ட அனுமதி கேக்கணும்," என்கிறான்.

ஏன் அக்டோபர் கடைசி? பஸ் ஏறினால் மறுநாள் இங்கே. நீ சொல்ல வேண்டியது எதுவானாலும் சீக்கிரம் சொல். வர முடியாதென்றால் காகிதத்திலேயே சொல்.

நாதிரே


அங்காரா
1 அக்டோபர் 1992

நாதிரே,

நான்தான் செய்தேன். இருபத்தேழு மரத்தையும் நானே. பெருநாளுக்கு வந்த பத்து நாளும் சுள்ளி பொறுக்கவில்லை.

அப்பா வீட்டை உனக்குத் தந்தது நியாயம், கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவள் நீ. ஆனால் முப்பது வருடமாக என் சொந்த ஊரில் நான் விருந்தாளி. எனக்கென்று அங்கே ஒரு புகைபோக்கி இல்லை. அளவுக் குழு வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது புத்தி கெட்டுவிட்டது. வேர்களைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். மட்குவதற்குள் சுவர் கட்டிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செய்ஃபி பேரை நான் எழுதியது என் வாழ்க்கையிலேயே கேவலமான காரியம். அவனிடம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கச் சொல். யாரும் அந்தச் சரிவில் கால் வைக்க வேண்டாம். நான் திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன். ஊர் என்ன செய்தாலும் சரி.

ஜெவாத்


சிஸ்டெரே
9 அக்டோபர் 1992

ஜெவாத் அண்ணனுக்கு,

நீ ஒன்றாம் தேதி எழுதியது ஆறாம் தேதி வந்தது. சரிவு மூன்றாம் தேதி வந்துவிட்டது. சாலை மூன்று இடத்தில் அறுந்துபோயிற்று, போன் கம்பியும் இல்லை. பாதி வழியில் உன் பஸ்ஸைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். உன் கடிதம் வந்தது போலவே இதுவும் மலை வழியாக நடந்து போகிற ஓர் ஆள் கையில்தான் வருகிறது.

காலை பத்து மணி. மாட்டை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மேலே மரங்கள் நின்றபடியே நகர்வதைப் பார்த்தேன். விழவில்லை, நின்றபடியே வந்தன. "அக்கா, ஓடு!" என்று மேலே வடிகாலிலிருந்து செய்ஃபி கத்தினான். ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அடுப்படிச் சுவர் மட்டும் நின்றது. அவன் மறுநாள் மதியம் ஓடைக்கரையில் கிடைத்தான். முப்பத்திரண்டு வயது. எனக்கு முன்னால் குதித்துக் குதித்து நடந்த பிள்ளை.

இப்போது நான் சொல்ல வேண்டியது. எனக்கு ஜூன் மாதமே தெரியும். பாசி நழுவிய இரண்டாவது மரத்தில் அதை ஒரு நாடாவால் கட்டியிருந்தது. கேக் பெட்டி கட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் நாடா, விரல் கோர்த்துத் தூக்குவதற்கு நீ போடுகிற அந்த வளையத்தோடு. மற்றவர்கள் பார்ப்பதற்குள் அறுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராக இருக்கும் என்று உன்னிடம் கேட்டது, நீயாகச் சொல்லட்டும் என்றுதான். நீ செய்ஃபி பேரை எழுதியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஊர் அவனைச் சந்தேகப்பட்டபோது "அவன் இல்லை" என்று அவனிடம் சொன்னேன், ஊரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அங்கே ஏறியிருக்க மாட்டான். நீ அக்டோபருக்குக் காத்திருந்தாய், நான் உனக்குக் காத்திருந்தேன்.

மரங்கள் ஓடைக்கு இறங்கிக் கிடக்கின்றன. பாசி உரிந்து எல்லாவற்றிலும் வெட்டு தெரிகிறது. ஊரார் இழுத்து ஓரம் போட்டார்கள். செய்ஃபி செய்தான், அவன் தலையிலேயே விழுந்தது என்று நினைக்கிறார்கள். இறந்தவனைப் பேசக்கூடாது என்று சும்மா இருக்கிறார்கள்.

ஜனாஸா தொழுகையில் உடலை முன்னால் வைத்து, "இவர் உங்களுக்குச் செஞ்ச குறையெல்லாம் மன்னிச்சு விட்டுட்டீங்களா?" என்று இமாம் மூன்று முறை கேட்டார். விட்டோம் என்றார்கள், பெரிய மனது பண்ணி.

நேற்று ஹனிஃபே சித்தி என்னைக் கூப்பிட்டாள். அவன் சட்டையிலிருந்து எடுத்த உன் கடிதத்தைக் காயவைத்து மடியில் வைத்திருந்தாள். "ஊரே மன்னிச்சு விட்டுருச்சு, ஜெவாத் ஒருத்தன்தான் இங்க இல்ல. எம்புள்ள மேல அவனுக்கு எவ்வளவு பாசம், பாரு. தண்ணி வரும்னு அத்தனை தூரத்துல இருந்து அவனுக்குத்தானே தோணுச்சு. செய்ஃபி அவனுக்கு ஏதும் குறை வச்சிருந்தா மன்னிச்சுட்டேன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லு தாயி. நாப்பதாம் நாள் ஓதும்போது எல்லாருக்கும் முன்னால வாசிக்கணும்," என்றாள்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுதுவதை நான்தான் வாசிக்க வேண்டும். மன்னித்தேன் என்று எழுதினால் அதை வாசிப்பேன். எனக்கு எழுதியதை அவளுக்கு எழுதினால் அதையும் வாசிப்பேன், ஒரு சொல் விடமாட்டேன். எதுவானாலும் வாசித்து முடித்த பிறகு, நாடாவை மறைத்தவள் நான் என்று அங்கேயே சொல்லிவிடுவேன்.

நாற்பதாம் நாள் நவம்பர் பதினொன்று, புதன்கிழமை.

நாதிரே